நூதனசாலையை வாசித்தல்: கொழும்பின் காட்சிக்கூடங்களும் நாமும்

எமது சஞ்சிகைகளில் கவிதைத் தொகுதிகளுக்கு விமர்சனம் வருகிறது. சிறுகதைக்கும் நாவலுக்கும் வருகிறது. சிலவேளை சினிமாவும் நாடகமும்கூட விமர்சனத்துக்கு எடுக்கப்படுகின்றன. ஆனால் ஒரு நூதனசாலை என்ன சொல்கிறது, எந்த ஒழுங்கில் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று ஆராயும் கட்டுரையை எமது பக்கங்களில் காண்பது அரிது. இத்தனைக்கும் நூதனசாலையும் ஒரு பிரதிதான். அதன் அறைகள் அத்தியாயங்கள். கண்ணாடிப் பெட்டிகளின் கீழே ஒட்டப்பட்டிருக்கும் விளக்க அட்டைகள் அதன் வாக்கியங்கள். எந்த நாவலாசிரியனுக்கும் கிடைக்காத வாசகர் கூட்டம் அதற்குண்டு. வருடந்தோறும் நாட்டின் நாலா பக்கங்களிலிருந்தும் பஸ் பஸ்ஸாகப் பாடசாலைப் பிள்ளைகள் அங்கு கொண்டுவரப்படுகிறார்கள். இவ்வளவு பேர் வாசிக்கும் ஒரு பிரதியை விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாக விட்டுவைப்பது சரியல்ல என்ற எண்ணத்திலேயே இதனை எழுதுகிறேன்.

நிருவாகத் தலைநகர் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை என்று சமூகக்கல்வியில் நாம் படிப்பித்தாலும், நாட்டுப்புறத்து மனிதனுக்குத் தலைநகர் என்றால் இன்றும் கொழும்புதான். அங்கு கறுவாத்தோட்டத்தில் நிற்கும் தேசிய நூதனசாலை தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் உருவாகி 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்டது. கட்டடத்தின் வரைபடத்தை ஆக்கியவர் ஜேம்ஸ் ஸ்மித்தர். கட்டி முடித்தவர் அரசி மரிக்கார் வாப்புச்சி மரிக்கார். இந்த மூன்றாவது பெயருக்குப் பின்னர் வருகிறேன்.

கீழ்த்தளத்து அறைகளின் ஒழுங்கை முதலில் கவனிக்க வேண்டும். அநுராதபுரம், பொலன்னறுவை, அதன் பின்வந்த இடைக்காலத் தலைநகரங்கள், கடைசியில் கண்டி. இந்த வரிசையில் நடந்து முடிப்பவர், இலங்கையின் வரலாறு என்பது ஒரு தலைநகரத்திலிருந்து இன்னொரு தலைநகரத்துக்கு மன்னர்கள் இடம்மாறிய கதை என்ற எண்ணத்தோடு வெளியே வருவார். பொருட்களின் அருமையில் எனக்குச் சந்தேகமில்லை. தொளுவிலவில் கிடைத்த புத்தர் சிலையின் அமைதியையும், பொலன்னறுவையில் கண்டெடுக்கப்பட்ட நடராசர் முதலான சைவ வெண்கலப் படிமங்களின் நேர்த்தியையும் எவரும் மெச்சாமல் இருக்க முடியாது. எனது கேள்வி ஒழுங்கு பற்றியது. தலைநகரங்களை அத்தியாயங்களாகக் கொண்டு எழுதப்படும் ஒரு கதையில், தலைநகரம் ஒன்றை ஒருபோதும் வைத்திராத மக்கள் எங்கே இடம்பெறுவார்கள்? மீனவர், நெசவாளர், வேடர், மலையகத் தோட்டங்களில் உழைத்தவர், துறைமுகங்களில் வாழ்ந்த வணிகர் ஆகியோருக்கு அரண்மனை இல்லை. ஆகவே அறையும் இல்லை.

இதற்கு நல்ல உதாரணம் கண்டி அறையிலேயே இருக்கிறது. அங்கே வைக்கப்பட்டிருக்கும் சிம்மாசனம் 1693இல் ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் றீ, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்கு அனுப்பிய அன்பளிப்பு. 1815இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றிக் கொண்டுபோனார்கள். 1934இல் திருப்பித் தந்தார்கள். மலைநாட்டு இராச்சியத்தின் மிகப்பெரிய சின்னமே கடல்வழி வந்து, கடல்வழி போய், மீண்டும் கடல்வழி வந்தது! அதே கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்கள் அரண்மனை வைத்தியர்களாகவும், 'தவளம்' எனப்படும் பொதிமாட்டு வணிகர்களாகவும் பணியாற்றியதைப் பேராசிரியை லோர்னா தேவராஜா 1994இல் வெளிவந்த தமது நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். கரையோரத்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின. பாக்கு கீழே இறங்கியது. உப்பு கரைந்துவிட்டது, பாக்கு மென்று துப்பப்பட்டது, சிம்மாசனம் எஞ்சிவிட்டது. எஞ்சியதை மட்டும் வைத்துக் கதை சொன்னால், அது எஞ்சத்தக்க பொருட்களை வைத்திருந்தவர்களின் கதையாகவே அமையும். ஒரு பொதிமாட்டின் சேணமும், அது நடந்த பாதையைக் காட்டும் படமொன்றும் சிம்மாசனத்துக்கு அருகே வைக்கப்பட்டால், அந்தச் சிம்மாசனம் இன்னும் நன்றாகப் புரியும் என்றுதான் சொல்கிறேன்.

கிழக்கிலிருந்து கல்விச் சுற்றுலா போகும் பாடசாலைகளின் நிகழ்ச்சிநிரல் அநேகமாக ஒன்றுதான். இரவு பஸ் ஏறினால் விடியக் கொழும்பு. தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு அரைநாள், காலிமுகத்திடலுக்குப் பின்னேரம், இடையில் நூதனசாலைக்கு ஒரு மணித்தியாலம். சில வருடங்களுக்கு முன்னர் அப்படியொரு பயணத்தில் தரம் 9 மாணவி ஒருத்தி என்னிடம், "சேர், எங்கட சாமான் ஒண்டும் இஞ்ச இல்லயா?" என்று கேட்டாள். குழந்தைத்தனமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் எமது சமூகத்தின் படித்தவர்கள் நூறு வருடங்களுக்கு மேலாகக் கேட்டுவரும் கேள்வியும் இதுதான். அதற்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் விடைகளே இங்கு விமர்சனத்துக்கு உரியவை.

முதலாவது விடை காலி மும்மொழிக் கல்வெட்டு. யுன்னான் பிரதேசத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, சீனப் பேரரசரின் கடற்படைத் தலைவராக உயர்ந்த செங் ஹே என்பவரின் பயணத்தோடு தொடர்புடைய கல் இது. பொறிக்கப்பட்ட ஆண்டு 1409. சீன மொழிப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி திருமாலின் வடிவாகக் கொள்ளப்பட்ட தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் முன்னிறுத்திக் காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. 1911இல் காலி நகரில், ஒரு மதகின் மேல் மூடுகல்லாக, எழுத்துப் பக்கம் கீழே கவிழ்ந்து கிடந்த நிலையில் இது கண்டெடுக்கப்பட்டது. ஐந்நூறு வருடத்துக்கு முந்திய மும்மொழி ஆவணத்தின் முதுகின் மேல் வண்டிகளும் மனிதர்களும் நடந்து போயிருக்கிறார்கள்.

எம்மவர் கட்டுரைகளில் இந்தக் கல் அடிக்கடி வருகிறது. ஆனால் காணி உறுதி ஒன்றை நீதிமன்றத்தில் நீட்டுவது போலவே வருகிறது. "பாரசீகம் இருக்கிறது, ஆகவே அன்றே நாம் இருந்தோம்" என்பதோடு வாசிப்பு முடிந்துவிடுகிறது. கல்லோ இதைவிடச் சிக்கலானது. தென்கரைத் துறைமுகமொன்றில் நாட்டுவதற்குச் சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்தக் கல்லில் சிங்களம் இல்லை; தமிழ் இருக்கிறது. அக்காலத் துறைமுக வணிகத்தின் மொழிகளுள் தமிழ் முக்கியமான ஒன்று என்பதை இது உணர்த்துகிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1880களில் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டதும், அதனை மறுத்து ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் எழுதியதும் நாம் அறிந்தவை. அந்த விவாதத்தின் இரு தரப்புக்கும் இந்தக் கல் முழுமையாகச் சாட்சி சொல்லாது. தமிழ் பேசுவோரெல்லாம் ஓரினம் என்பாருக்கு, தமிழும் பாரசீகமும் வெவ்வேறு வணக்கங்களோடு தனித்தனியே நிற்பதைக் காட்டுகிறது. தமிழ் எமக்கு வெறும் இரவல் மொழி என்பாருக்கோ, அரபு, பாரசீக வணிகர் வந்திறங்கிய கரையில் தமிழ் ஏற்கெனவே பொதுமொழியாக வழங்கியதைக் காட்டுகிறது. தமிழில் எழுதும் முஸ்லிம்களாகிய எமக்கு இதைவிடப் பொருத்தமான கல் வேறெங்கும் இல்லை. எமது இரட்டை நிலையை அது பிளக்காமல் வைத்திருக்கிறது. நாமோ அதில் மூன்றிலொரு பங்கை மட்டும் வாசித்துவிட்டு வந்துவிடுகிறோம். மூன்று பகுதிகளிலும் மிக மோசமாகத் தேய்ந்திருப்பது பாரசீகப் பகுதிதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். சீனத்தையும் தமிழையும் சேர்த்து வாசிக்காமல் அந்தப் பாரசீகத்தை விளங்கிக்கொள்ளவும் முடியாது.

இரண்டாவது விடை வாப்புச்சி மரிக்கார் பற்றிய கதை. கட்டடத் திறப்பு நாளன்று, என்ன சன்மானம் வேண்டும் என்று தேசாதிபதி கேட்டாராம். வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலை மூடப்பட வேண்டும் என்று அவர் கேட்டுப் பெற்றாராம். வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் இக்கதை அழகானது. தனக்கென எதையும் கேளாத ஒரு மனிதரை அது காட்டுகிறது. சேர் ராசிக் பரீத்தின் பாட்டனார் இவர் என்பதால் அரசியல் மேடைகளிலும் இது எடுபடும். எனினும் எமது எழுத்தாளர்கள் இந்தக் கதையோடு நின்றுவிடுவதுதான் குறை. நூதனசாலைக்கு முன்னால் கிரெகரியின் சிலை நிற்கிறது. கட்டியவருக்கும் ஒரு சிலை வேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை. அது எமது மரபுமல்ல. ஆனால் அந்தப் பெரிய வெள்ளைக் கட்டடத்துக்குக் கல் எங்கிருந்து வந்தது, சுண்ணாம்பு எந்தக் கரையில் சுடப்பட்டது, மேசன்மாரும் தச்சர்மாரும் எவர், நாட்கூலி எவ்வளவு என்ற கேள்விகளை நாமாவது கேட்டிருக்கலாம் அல்லவா? ஒப்பந்தக்காரர் ஒருவரின் பெயரை மீட்டுவிட்டதும் எமக்குத் திருப்தி வந்துவிடுகிறது. மன்னர்களின் பெயர்களை மட்டும் சொல்லும் வரலாற்றைக் குறைசொல்லும் நாம், மரிக்கார்களின் பெயர்களை மட்டும் சொல்லும் வரலாற்றை எழுதுகிறோம். நூதனசாலையின் ஒழுங்கு எமக்குள்ளும் புகுந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மூன்றாவது விடை, "எமக்கென்று ஒன்றை நாமே அமைப்போம்" என்பது. காத்தான்குடியில் கடந்த தசாப்தத்தில் அப்படியொரு மரபுரிமை நூதனசாலை அமைக்கப்பட்டது. முயற்சி என்ற வகையில் மதிக்கத்தக்கது. ஆயினும் தனிக்கூடம் கட்டினால் மட்டும் கேள்வி தீர்ந்துவிடாது. மருதமுனையின் கைத்தறியும், பெண்கள் இழைத்த பன்பாயும், கலியாண வீட்டுச் சஹனும், வெற்றிலை வட்டாவும், அரபுத் தமிழில் எழுதப்பட்ட பழைய ஏடுகளும் அங்கே எப்படிச் சொல்லப்படுகின்றன என்பதே முக்கியம். பாயை இழைத்தவளின் விரலைப் பற்றியும், அதற்கு அவளுக்குக் கிடைத்த காசைப் பற்றியும் ஒரு வரி இல்லாவிட்டால், அதுவும் தலைநகரத்து அறையின் சிறிய பிரதிதான்.

கொழும்பில் இன்னும் சில இடங்கள் இந்தக் கேள்விக்கு வேறு வெளிச்சம் தருகின்றன. புறக்கோட்டையில், முஸ்லிம் வியாபாரிகளின் கடைத்தெருக்களுக்கு நடுவே, பழைய ஒல்லாந்த மாளிகை ஒன்று நிற்கிறது. சிம்மாசனத்தை அனுப்பிய அதே வான் றீயின் காலத்தது. 1982இல் ஒல்லாந்தர் கால நூதனசாலையாகத் திறக்கப்பட்ட இந்தக் கட்டடம், 1696 முதல் நூறு வருடங்கள் ஆசிரியர்களையும் மதபோதகர்களையும் பயிற்றும் கலாசாலையாக இருந்தது என்று அறிந்தபோது, ஆசிரியர் கலாசாலையில் பயின்றவன் என்ற வகையில் எனக்கு அதன்மேல் தனி ஈடுபாடு ஏற்பட்டது. ஒல்லாந்தர் காலத்துக் கிராமப் பாடசாலை ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததோடு நிற்கவில்லை. ஞானஸ்நானம், திருமணம் முதலியவற்றைப் பாடசாலைத் தோம்புகளில் பதிந்தும் வந்தார்கள். காணிகளுக்கு வேறு தோம்பு இருந்தது. கிறிஸ்தவப் பதிவேடு என்பதால் எமது முன்னோரின் பிறப்பும் நிக்காஹும் பாடசாலைத் தோம்பில் ஏற இடமிருக்கவில்லை. எவருடைய பெயர் எழுதப்பட்டதோ அவர் பின்வந்த வரலாற்றாசிரியனுக்குக் கிடைக்கிறார், மற்றவர் கிடைப்பதில்லை. நூதனசாலைகளின் மௌனத்துக்கு ஒரு காரணம் அங்குள்ள அதிகாரிகளின் மனத்தில் மாத்திரம் இல்லை. முந்நூறு வருடத்துக்கு முந்திய வாத்தியாரின் ஏட்டிலும் இருக்கிறது.

ஓவியக்கூடங்களுக்கு எம்மவர் போவது மிகக் குறைவு. உருவச் சித்திரம் பற்றிய தயக்கம் ஒரு காரணம். அது ஆங்கிலம் பேசுவோரின் இடம் என்ற கூச்சம் அதைவிடப் பெரிய காரணம் என்பது எனது எண்ணம். பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமால் மன்றம் அந்தக் கூச்சத்தை ஓரளவு போக்கக்கூடிய இடம். 1943இல் லயனல் வென்ட்டைச் சூழ உருவான '43ஆம் குழு'வின் ஓவியர்களுள் ஒருவரான ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ் முதலானோரின் படைப்புகள் அங்கே ஒரு வீட்டின் சுவர்களில் தொங்குகின்றன. குடியிருந்த வீடே காட்சிக்கூடமாக இருக்கலாம் என்பது அது தரும் பாடம். 2019 டிசம்பரில் தொடங்கப்பட்டு, பின்னர் கொள்ளுப்பிட்டிக்கு இடம்மாறிய நவீன, சமகாலக் கலைக்கான நூதனசாலையோ மூன்று மொழிகளிலும் பார்வையாளரோடு பேச முயல்வது. தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் சமகால ஓவியத்தின் முன் நின்று அதன் விளக்கத்தைத் தன் மொழியில் வாசிப்பது சாதாரண விடயமன்று.

வீடும் தோம்பும் ஒன்றுசேரும் ஒரு படைப்பும் நம்மிடையே இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட, 'முற்றுப்பெறாத தோம்பு' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பைக் கொண்ட நூலே அது. போரில் இடம்பெயர்ந்த, தமிழ் பேசும் மக்களைக் கொண்டு, இழந்த வீட்டின் படத்தை நினைவிலிருந்து வரையச் செய்தார் அவர். அந்தப் படத்தோடு, கட்டடக்கலைஞரின் துப்புரவான வரைபடமும் ஓவியரின் சித்திரமும் சேர்ந்து ஒரு கோவையாக அமைந்தது. ஒல்லாந்தன் வரி வாங்குவதற்காக வைத்த பதிவேட்டின் பெயரை, வீடிழந்தவர்களின் நினைவுக்கு வைத்தார் ஓவியர். கலை என்பது இதுதான். ஒரு கிணறு எந்த மூலையில் இருந்தது, மாமரம் சமையலறைக்கு எவ்வளவு தூரம் என்பது போன்ற விபரங்களைத் தலைநகரத்து நூதனசாலை எதுவும் சேர்த்து வைப்பதில்லை.

இந்த இடத்தில் 1990 ஒக்டோபரைப் பேசாமல் இருக்க முடியாது. வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையும் உறுதியும் காசும் வழியில் பறிக்கப்பட்டன. ஏறத்தாழ 75,000 பேர் உடுத்த துணியோடு வந்தார்கள். 2023 டிசம்பரில், 1765ஆம் ஆண்டுப் படையெடுப்பில் கண்டியிலிருந்து கொண்டுபோகப்பட்ட லேவ்கே திசாவையின் பீரங்கி உட்பட ஆறு பொருட்களை நெதர்லாந்து இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. நல்ல செய்தி. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் கிடைத்த தாரா சிலை இன்றும் லண்டனில் இருக்கிறது; கொழும்பில் அதன் வார்ப்பு ஒன்றுதான் உண்டு. அதுவும் ஒருநாள் வரட்டும். ஆனால் அரசு அரசிடம் கேட்டுப் பெறக்கூடிய பொருட்கள் இவை. சோனகதெருவின் ஒரு வீட்டில் விடப்பட்ட தையல் மெஷினையும், கலியாணப் படத்தையும், பள்ளிக்கூடச் சான்றிதழையும் எந்த நாடு எந்த நாட்டிடம் கேட்பது? பொருளே பறிபோன மக்களுக்கு எழுத்துத்தான் நூதனசாலை. அந்த மக்களைப் பற்றிய எமது கவிதைகளில் கண்ணீர் நிறைய இருக்கிறது. தையல் மெஷின் எந்தச் சுவரோரம் நின்றது என்பது குறைவாகவே இருக்கிறது. கண்ணீர் எல்லாருக்கும் பொது. எங்கு நின்றது என்பதைச் சொல்லும்போதுதான் அது ஒருவருடைய வீடாகிறது.

ஆகவே எனது வேண்டுகோள்கள் இரண்டு. நூதனசாலைகளிடம் கேட்பது: தலைநகர வரிசையோடு துறைமுகங்களின் வரிசையொன்றையும் சேருங்கள். மாந்தையில் 1980களில் நடந்த அகழ்வுகள் மேற்காசியாவையும் சீனத்தையும் சேர்ந்த மட்கலங்களை வெளிக்கொணர்ந்தன. மாந்தை, காலி, பேருவளை, கொழும்பு, திருகோணமலை என்று ஓர் அறை அமைந்தால் அதில் முஸ்லிம்கள் மட்டுமன்றி எல்லாச் சமூகத்தவரும் தம்மைக் காண்பார்கள். தனிப்பகுதி கேட்பதைவிட இது நியாயமானது, வரலாற்றுக்கும் நெருக்கமானது. எழுத்தாளர்களிடம் கேட்பது: பெருமைக்குரிய பொருளைத் தேடுவதைச் சற்று நிறுத்திவிட்டு, வீட்டிலுள்ள பொருளை வாசியுங்கள்.

இது முடியாத காரியமல்ல. எனது வகுப்பில், வீட்டிலுள்ள பழைய பொருளொன்றைப் பற்றிப் பத்து வரி எழுதும்படி சொல்லியிருந்தேன். யாருடையது, எப்போது வந்தது, எங்கே தேய்ந்திருக்கிறது என்பவற்றைக் கட்டாயம் எழுத வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் 'மிகவும் பெறுமதி வாய்ந்தது' என்று தொடங்கினார்கள். அது நாம் பழக்கிவிட்ட பழக்கம். ஒரு மாணவன் மட்டும் தன் வீட்டு மரைக்காலைப் பற்றி எழுதினான். நெல் அளந்து அளந்து அதன் வாய் ஒரு பக்கம் சரிந்துவிட்டது என்றான். அடியில் வேறொருவருடைய பெயரெழுத்து சுடப்பட்டிருந்தது. மூத்தவாப்பாவிடம் விசாரித்தபோது அது போடியாரின் எழுத்து என்றும், வயல் ஒருபோதும் தங்களுடையதாக இருக்கவில்லை என்றும் தெரியவந்தது என எழுதியிருந்தான். கடைசி வரியில், அந்த மரைக்கால் தங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதை மூத்தவாப்பா சொல்ல மறுத்துவிட்டார் என்று குறிப்பிட்டிருந்தான். விளக்க அட்டை எழுதுவோரும் கதை எழுதுவோரும் அந்தப் பத்து வரியிலிருந்து படிக்கலாம்.